ஆச்சியிடம் கேளுங்கள்: வீட்டிலிருந்தே விர்ச்சுவல் அசிஸ்டென்ட்

போன இதழில் விர்ச்சுவல் அசிஸ்டென்ட் வேலையைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். எங்கோ இருக்கும் ஒருவருடைய மெயில், கேலண்டர், பில், வாடிக்கையாளர் விசாரணை இதையெல்லாம் நம் வீட்டில் இருந்தபடியே இணையம் வழியாகப் பார்த்துக்கொடுப்பதுதான் அந்த வேலை. நான் 2012-லிருந்து காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் பழைய வீட்டில் உட்கார்ந்து இதைத்தான் செய்கிறேன். அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வவுச்சர் போட்டவள். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் ஊர் மட்டும் போட்டிருக்கிறது.

ஆச்சி, நான் பி.காம். முடித்து ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டேன். அவளுக்கு இப்போது இரண்டரை வயது. 35,000 ரூபாய்க்கு ஒரு ஆன்லைன் கோர்ஸ் இருக்கிறது, முடித்தால் மாதம் 50,000 நிச்சயம் என்கிறார்கள். சேரலாமா?
— வாசகி, புதுவயல்

கட்டாதீர்கள். மாதம் 50,000 நிச்சயம் என்று சொல்லக்கூடியவர் யாரும் இந்தத் தொழிலில் இல்லை. அந்தப் பணத்துக்கு நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய லேப்டாப்பும், மோடத்துக்கு ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் வாங்கி வைத்தால் மூன்று வருஷம் உழைக்கும்.

உங்களுக்கு ஏற்கனவே என்ன தெரியும் என்று பாருங்கள். தவணை தவறியவருக்குப் போன் போட்டு, அவர் கோபப்படாதபடி பேசிப் பணத்தை வரவைக்கத் தெரியும். ரசீது போடவும் லெட்ஜர் ஒப்பிடவும் தெரியும். இதை விலைக்கு வாங்க ஆள் இருக்கிறது. 'எல்லா வேலையும் செய்வேன்' என்று போர்டு மாட்டினால் யாரும் கூப்பிட மாட்டார்கள். 'உங்கள் பில்லை நான் போடுகிறேன், பாக்கியை நான் கேட்டு வாங்கித் தருகிறேன், வாரம் ஒரு கணக்கு அனுப்புகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள், கூப்பிடுவார்கள்.

முதல் வாடிக்கையாளரை அமெரிக்காவில் தேட வேண்டாம், பத்து கிலோமீட்டருக்குள் தேடுங்கள். எனக்கு முதலில் கிடைத்தவர் கானாடுகாத்தானில் தன் பாட்டனார் வீட்டை விருந்தினர் விடுதியாக மாற்றியவர். அவருடைய மெயில் பெட்டியை நான் திறந்தபோது பதில் போடாத கடிதம் 43. பாதி பிரெஞ்சுக்காரர்கள் எழுதியது, மீதி சென்னை, பெங்களூர். உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். 43 பேரும் கேட்டிருந்தது நாலே விஷயம்தான்: திருச்சி விமான நிலையத்தில் இறங்குவதா மதுரையில் இறங்குவதா, சைவச் சாப்பாடு கிடைக்குமா, எந்த அறையில் ஏசி உண்டு, முன்பணம் எப்படிக் கட்டுவது. நாலு பதில் எழுதி, விடுதிக்காரரிடம் காட்டித் திருத்தி வைத்துக்கொண்டேன். அதன் பிறகு தினம் அரை மணி நேரத்தில் அந்த வேலை முடிந்தது. அந்த வருஷம் கார்த்திகையிலிருந்து மாசி வரை அவர் வீட்டில் அறை காலியாக இருந்த நாள் குறைவு. அவர் சொல்லித்தான் அடுத்த இரண்டு பேர் வந்தார்கள். கோர்ஸ் போயிருந்தால் இந்த 43 கடிதம் எனக்குக் கிடைத்திருக்காது.

இன்னொன்று, இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வேலை கொடுக்க உங்களிடமே பணம் கேட்கிறவர் வேலை கொடுக்க மாட்டார். 'டைப்பிங் வேலை, பதிவுக் கட்டணம் 2,000' என்று ஆரம்பித்து, பிறகு 'நீங்கள் தப்பாக டைப் செய்துவிட்டீர்கள், ஒப்பந்தப்படி அபராதம், வக்கீல் நோட்டீஸ் வரும்' என்று மிரட்டுகிற கூட்டம் நம் பக்கத்திலும் பல பெண்களை அழவைத்திருக்கிறது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வீட்டில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு நாளைக் கடத்தினால் பணம் கை மாறிப் போய்விடும்.

மணிக்கு 200 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டு இரண்டு பேருக்கு வேலை செய்கிறேன். காலையிலிருந்து இரவு வரை கம்ப்யூட்டர் முன்னால்தான். மாதக் கடைசியில் பார்த்தால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. எங்கே தப்பு?
— வாசகி, தேவகோட்டை

தப்பு அந்த 200-ல்தான் இருக்கிறது. அந்தத் தொகையை யார் சொன்னார்கள், நீங்களா, அவர்களா? அவர்களாகத்தான் இருக்கும். நீங்களே உங்கள் கணக்கைப் போட்டிருந்தால் அது வந்திருக்காது. ஒரு பேப்பரை எடுங்கள், சேர்ந்து போடுவோம்.

வீட்டுக்கு மாதம் 25,000 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் தொழிலுக்கென்று செலவு உண்டு. இணையம் 800. மின்சாரம் கூடுதலாக 700. ஜோஹோ இன்வாய்ஸ் மாதிரி இலவசமாகக் கிடைப்பதை எடுத்துக்கொண்டாலும் மற்ற மென்பொருளுக்கு ஒரு 1,000. லேப்டாப் 54,000 ரூபாய் என்றால் மூன்று வருஷத்தில் அது தேய்ந்துவிடும், ஆக மாதம் 1,500 எடுத்து வைக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு 1,500. வரி, ஆடிட்டர், சில்லறை 1,500. எல்லாம் சேர்த்து 7,000. ஆக மாதம் 32,000 வேண்டும், வருஷத்துக்கு 3,84,000.

ஆனால் பன்னிரண்டு மாதமும் வேலை செய்ய முடியாது. கல்யாணம், காய்ச்சல், குழந்தைக்குப் பரீட்சை, பிள்ளையார் நோன்பு, குன்றக்குடிப் பங்குனி உத்திரம் என்று ஒரு மாதம் போய்விடும். பதினொன்றால் வகுத்தால் மாதம் சுமார் 34,900.

இப்போது நேரம். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் என்று 22 நாள் உட்கார்ந்தால் 110 மணி. அதில் எத்தனை மணிக்குப் பில் போட முடியும்? உங்கள் சொந்தக் கணக்கு எழுதுவது, புது ஆளிடம் பேசுவது, ஒரு மென்பொருளைக் கற்பது, 'சும்மா ஒரு நிமிஷம்' என்று ஆரம்பிக்கிற போன், இதற்கெல்லாம் யாரும் பணம் தருவதில்லை. 75 மணி கிடைத்தால் பெரிது. 34,900-ஐ 75-ஆல் வகுத்துப் பாருங்கள்: 465.

நீங்கள் வாங்குவது 200. 75 மணிக்கு 15,000. அதில் செலவு 7,000 போக 8,000. அதனால்தான் 75 மணியை 150 ஆக்கி, இரவு பத்து மணிக்கும் உட்கார்ந்திருக்கிறீர்கள். உடம்பு எத்தனை நாள் தாங்கும்?

உங்கள் தொகை வேறாக இருக்கலாம். செலவுகளை உங்கள் வீட்டுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் ஒன்றையும் விட்டுவிடாதீர்கள். முக்கியமாக லேப்டாப்புக்கு எடுத்து வைப்பதை. எனக்கு 2014-ல் ஹார்ட் டிஸ்க் போனபோது நகையைக் கொண்டுபோய் வைத்துத்தான் வேறு வாங்கினேன்.

அப்புறம், மணிக் கணக்கை மெல்ல மெல்ல விட்டுவிடுங்கள். மாதத் தொகைக்கு மாறுங்கள். என்னுடைய ஏற்பாடு இப்படி: மாதம் 18 மணி நேரம், இன்னின்ன வேலை, இவ்வளவு தொகை, மாதம் பிறந்ததும் முதல் ஐந்து நாளுக்குள் வந்துவிட வேண்டும். மிஞ்சிய நேரம் அடுத்த மாதத்துக்குப் போகாது. நேரம் கூடினால் முன்னாலேயே சொல்லிக் கேட்டுவிடுவேன். இப்படி நாலு பேர் இருந்தால் 72 மணி ஆகிவிடும். நாலு பேர் வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒருவரே உங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் தருகிறார் என்றால் நீங்கள் தொழில் நடத்தவில்லை, லீவும் பி.எஃப்.பும் இல்லாத வேலையில் இருக்கிறீர்கள்.

இப்போதிருக்கும் இரண்டு பேரிடம் ஒரே நாளில் 200-ஐ 465 ஆக்க முடியாது. அடுத்து வருகிற மூன்றாவது ஆளிடம் புதுத் தொகையைச் சொல்லுங்கள். அவர் வந்து நிலைத்ததும் பழையவர்களுக்கு இரண்டு மாத அவகாசம் கொடுத்து எழுதுங்கள். ஒருவர் போவார், ஒருவர் இருப்பார். என் அனுபவத்தில் போகிறவர்தான் அதிகம் போன் போட்டுக்கொண்டிருந்தவராக இருப்பார்.

எங்களுடையது நாலு கட்டு வீடு. முகப்பில் வைஃபை இருக்கிறது, உள்ளே வந்தால் சிக்னலே இல்லை. வீடியோ கால் நடுவில் அறுந்துவிடுகிறது. ஆண்களும் இந்த வேலை செய்யலாமா என்பது இன்னொரு கேள்வி.
— வாசகர், கானாடுகாத்தான்

தாராளமாகச் செய்யலாம் தம்பி. என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர்களில் இரண்டு பேர் ஆண்கள்.

சிக்னல் விஷயம்: நம் பாட்டன்மார் கட்டின சுவரை வைஃபை தாண்டாது, சுண்ணாம்பும் செங்கலுமாக முழம் அகலத்துக்கு இருக்கிறது. சிக்னல் பெருக்குகிற டப்பாக்களை வாங்கிப் பணத்தை விடாதீர்கள், நான் இரண்டு வாங்கி விட்டேன். முகப்பிலிருந்து ஒரு லேன் கேபிளை வளவு (உள்முற்றம்) ஓரமாக இழுத்து, வேலை செய்கிற கட்டுக்குள்ளேயே இரண்டாவது ரூட்டர் வைத்துவிடுங்கள். பழைய தேக்குக் கதவு நிலையைத் துளைக்க வேண்டாம், மேலே ஒளி வருகிற கண்ணாடித் திறப்பு வழியாகக் கொண்டுபோகலாம். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்துகிற நாள் முன்கூட்டியே பேப்பரில் வரும். அன்று முக்கியமான கூட்டம் எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். போனில் வேறு கம்பெனி சிம் ஒன்று இருக்கட்டும்.

அமெரிக்காவில் ஒருவருக்கு வேலை செய்கிறேன். நல்ல மனிதர், ஒழுங்காகப் பணம் தருகிறார். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு, ஒரு மணிக்கு மெசேஜ் வருகிறது. பதில் போடாவிட்டால் மனது அடித்துக்கொள்கிறது. நேரம் நம் கையில் இருக்கும் என்றுதான் இந்த வேலைக்கே வந்தேன்.
— வாசகி, காரைக்குடி

அவருக்கு அது பகல் வேளை. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 7.30. அவர் மத்தியான்னச் சாப்பாட்டுக்குப் போகும்போது நமக்குப் பாதி ராத்திரி நெருங்கிவிடும். அவர் உங்களை எழுப்ப நினைத்து அனுப்பவில்லை, தனக்கு நினைவு வந்தபோது அனுப்புகிறார். நீங்கள் ஒரு மணிக்குப் பதில் போடப் போட, 'இந்தப் பெண் இந்த நேரத்தில் இருக்கிறாள்' என்று அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். அதை நீங்கள்தான் மாற்ற வேண்டும், அவராக மாற்ற மாட்டார்.

இந்த வாரமே ஒரு மெயில் எழுதுங்கள். இந்திய நேரப்படி நான் வேலையில் இருக்கும் நேரம் இன்னது, அதில் மாலை 6.30 முதல் 8 வரை உங்களோடு நேரடியாகப் பேச முடியும், இரவில் வருவதற்கு மறுநாள் காலை பதில் வரும், நீங்கள் எழும்போது வேலை முடிந்திருக்கும். கடைசி வரியைக் கட்டாயம் எழுதுங்கள். அவர் தூங்குகிற நேரத்தில் வேலை முடிவதுதான் நாம் உலகத்தின் இந்தப் பக்கம் இருப்பதால் அவருக்குக் கிடைக்கிற லாபம். அதை அவருக்கு எடுத்துச் சொல்லிவிட்டால் ராத்திரி மெசேஜ் நின்றுவிடும்.

'அவசரம்' என்றால் என்ன என்பதையும் எழுதிவிட வேண்டும். என் விடுதிக்காரருக்கும் எனக்கும் உள்ள ஏற்பாட்டில் ஒன்றே ஒன்றுதான் அவசரம்: விருந்தினர் விமான நிலையத்தில் வந்து நிற்கிறார், கார் வரவில்லை. அதற்கு எந்த நேரமும் போன் அடிக்கலாம். இத்தனை வருஷத்தில் மூன்று முறை அடித்திருக்கிறது.

புதிதாகத் தேடுகிறவர்கள் நேரத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுங்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் காலை 9 மணி நமக்கு 6.30. குழந்தை எழுவதற்குள் இரண்டு மணி நேர வேலை முடிந்துவிடும். அங்கே நம் ஆட்கள் தொழில் செய்கிறார்கள், தமிழிலும் எழுதத் தெரிந்த உதவியாளர் அவர்களுக்குத் தேவைப்படுகிறது. லண்டனில் 9 மணி நமக்கு மதியம் 1.30 அல்லது 2.30, பள்ளிக்கூடம் விடுவதற்குள் ஒரு சுற்று முடிக்கலாம். அமெரிக்கக் கடிகாரம் மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாறும், லண்டன் கடிகாரம் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். சிங்கப்பூர் மாறாது. நான் புது வருஷக் காலண்டர் வந்ததும் இந்த நாலு ஞாயிற்றுக்கிழமையையும் சிவப்பு மையில் சுழித்துவிடுவேன்.

வேறு ஊரில் ஒரு ஜவுளிக் கம்பெனிக்கு வேலை செய்தேன். மூன்று மாதப் பணம் 54,000 நிற்கிறது. போன் எடுப்பதில்லை. எழுத்தில் ஒன்றும் இல்லை, எல்லாம் வாட்ஸ்அப் பேச்சுதான். என்ன செய்வது?
— வாசகி, பள்ளத்தூர்

இதைப் படித்தபோது எனக்கு 2017 ஞாபகம் வந்தது. நாலு மாதம் ஒருவருக்கு இன்வாய்ஸ், கணக்கு, வாடிக்கையாளர் போன் எல்லாம் பார்த்தேன். 'அடுத்த வாரம் அனுப்புகிறேன்' என்று நாலு மாதமும் சொன்னார். 62,000 ரூபாய். வரவே இல்லை. பணம் போனதைவிட, இரண்டாவது மாதமே நிறுத்தாமல் நம்பிக்கொண்டிருந்தேனே என்பதுதான் ரொம்ப நாள் உறுத்தியது.

முதலில் வேலையை நிறுத்துங்கள். எந்தத் தேதியில் என்ன செய்தீர்கள், எந்த மாதத்துக்கு எவ்வளவு பாக்கி என்று ஒரே தாளில் எழுதி மெயிலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள், அதுவும் சாட்சிதான். அவர்களுடைய பாஸ்வேர்டை மாற்றி வைப்பது, ஃபைலை அழிப்பது, இதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்ய வேண்டாம். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது அதை நீங்களே கெடுத்துக்கொள்வதாக ஆகிவிடும்.

இனிமேலுக்கு இரண்டு காரியம். உத்யம் என்ற, சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவைச் செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பான் எண்ணும் போதும், இணையத்தில் இலவசம், இடையில் யாருக்கும் காசு தர வேண்டாம். சிறு, குறுந்தொழில்களுக்கு வர வேண்டிய பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 45 நாளுக்குள் தர வேண்டும் என்று 2006-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் வட்டியோடு கேட்டு, சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் புகார்த் தளத்தில் புகார் கொடுக்கலாம். வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே பதிவு இருப்பதுதான் பாதுகாப்பு, அதனால்தான் இப்போதே செய்யச் சொல்கிறேன்.

இரண்டாவது, ஒரு பக்கத்துக்கு ஒப்பந்தம். நமக்கு இது புதிதில்லை. கொண்டுவிக்கப் போகிற, அதாவது கடல் கடந்து தொழிலுக்குப் போகிற ஆளுக்கும் முதலாளிக்கும் நடுவில் அந்தக் காலத்தில் சம்பளச் சீட்டு எழுதுவார்கள். எந்த ஊர்க் கடை, எத்தனை வருஷம், சம்பளம் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். சொந்தக்காரராக இருந்தாலும் எழுதித்தான் கப்பலேறினார்கள். உங்கள் சீட்டிலும் என்ன வேலை, எத்தனை மணி, எவ்வளவு தொகை, எந்தத் தேதி, பணம் வராவிட்டால் எந்த நாளில் வேலை நிற்கும், விலகுவதென்றால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், இவ்வளவும் இருந்தால் போதும்.

வெளிநாட்டுப் பணம் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். பேபால் 2021 ஏப்ரலிலிருந்து இந்தியாவுக்குள் பணம் அனுப்ப உதவாது, வெளிநாட்டிலிருந்து வாங்க மட்டும்தான். எந்த வழியில் வந்தாலும் கட்டணமும் நாணய மாற்றில் ஒரு பங்கும் போகும், அதைக் கழித்துவிட்டுத் தொகை பேசுங்கள். பணம் வந்ததற்கான சான்றை ஒவ்வொரு முறையும் எடுத்து வையுங்கள். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். அதற்கு முன்னாலேயே ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

ஏஐ வந்துவிட்டதே, இந்த வேலை இன்னும் இருக்குமா?
— வாசகி, கண்டனூர்

டைப் அடிப்பதும், கூட்டத்தில் பேசியதை எழுதிக்கொடுப்பதும் மட்டுமே உங்கள் வேலை என்றால் குறையும். குறைந்துகொண்டுதான் இருக்கிறது. நானும் முதல் வரைவுக்கு அதைப் பயன்படுத்துகிறேன். போன வருஷம் ஒரு விருந்தினருக்கு அது எழுதிய பதில் அழகாக இருந்தது, எல்லா அறையிலும் ஏசி உண்டு என்று உறுதி கொடுத்திருந்தது. அந்த வீட்டில் ஏசி நாலு அறையில்தான். அனுப்புவதற்கு முன் நான் படித்ததால் தப்பித்தோம். அந்த வீட்டில் எந்த அறையில் காற்று வரும், எந்தச் சமையல்காரர் வெள்ளிக்கிழமை வரமாட்டார் என்று தெரிந்த ஆளுக்கு வேலை இருக்கும்.

ஆச்சி, எனக்கு இப்போது ஐந்தாம் மாதம். மூன்று வருஷமாகக் கஷ்டப்பட்டு ஐந்து வாடிக்கையாளர் சேர்த்திருக்கிறேன். பிரசவத்துக்கு நான் இரண்டு மூன்று மாதம் இல்லாவிட்டால் எல்லோரும் போய்விடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. மருத்துவமனைக்கே லேப்டாப்பைக் கொண்டுபோகலாமா என்றுகூட யோசிக்கிறேன்.
— வாசகி, கோட்டையூர்

கொண்டுபோகாதீர்கள் தாயி. நான் கொண்டுபோனவள்.

2015-ல் எங்கள் ஆத்தா வளவில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, மதுரையில் மூன்று வாரம் இருந்தோம். நான் ஒரே மகள். ஆஸ்பத்திரி வராந்தாவில், பிளக் பாயின்ட் இருக்கிற தூணுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மெயிலுக்குப் பதில் போட்டேன். உள்ளே ஆத்தா கூப்பிடுவது கேட்கும், 'ரெண்டு நிமிஷம்' என்பேன். அந்த ரெண்டு நிமிஷங்களை இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது. அப்படியும் இரண்டு பேர் போய்விட்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. எந்த வேலை எங்கே நிற்கிறது என்பது என் தலைக்குள் மட்டும் இருந்தது. வேறொருவரிடம் கொடுக்கலாம் என்றால் எதைக் கொடுப்பது?

வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்கள் ஐயாவின் ஞாபகம் வந்தது. அவர் பினாங்கில் ஒரு கிட்டங்கியில், நம்மவர் வட்டிக் கடையில், அடுத்தாளாக இருந்தவர். இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்: பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, கணக்கு எழுதப் பழகி, அடுத்தாளாகி, அப்புறம்தான் கடைக்குப் பொறுப்பான மேலாள் ஆக முடியும். முதலாளி இங்கே செட்டிநாட்டில் இருப்பார், கடை கடலுக்கு அந்தப் பக்கம். மேலாள் மூன்று வருஷக் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குக் கப்பலேறினால் கடை மூடாது. பேரேட்டைப் பிரித்தால் யாரிடம் எவ்வளவு நிற்கிறது, எந்தத் தவணை எப்போது முடிகிறது என்று வருகிறவருக்குத் தெரிந்துவிடும். கணக்கின் நகல் ஊருக்கும் வந்துகொண்டிருக்கும். கடைசிக் காலத்தில் ஐயா முகப்பில் உட்கார்ந்து பால் கணக்கைக்கூட அடுத்தவர் படித்தால் புரிகிற மாதிரிதான் எழுதுவார். எங்களுக்கு அது வயதானவரின் பழக்கமாகத்தான் தெரிந்தது.

அன்றைக்கு ஆரம்பித்தேன். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு கைப்புத்தகம், கூகுள் டாக்கில். ஆத்தங்குடியில் டைல்ஸ் செய்கிறவருடையதிலிருந்து ஒரு பக்கம் சொல்கிறேன்:

'திங்கள் காலை 10 மணிக்கு விசாரணை மெயில்களைப் பார். சதுர அடி, டிசைன் எண், எந்த ஊருக்குப் போக வேண்டும், இந்த மூன்றும் இல்லாவிட்டால் விலை சொல்லாதே, முதலில் கேள். கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கையால் நிறம் ஊற்றிச் செய்வது, ஒன்று போல் ஒன்று இருக்காது என்று முதல் மெயிலிலேயே சொல்லிவிடு. இதைச் சொல்லாவிட்டால் லாரி போய்ச் சேர்ந்த பிறகு புகார் வரும். மழைக்காலத்தில் காய நாள் பிடிக்கும், ஐப்பசி கார்த்திகையில் தேதி கொடுக்குமுன் பட்டறைக்குப் போன் போட்டுக் கேள். விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டால் நீயாகப் பதில் சொல்லாதே, அண்ணனிடம் கேள். அண்ணன் மத்தியானம் ஒன்று முதல் மூன்று வரை போன் எடுக்க மாட்டார்.'

இப்படி எழுத ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு மாதம் பிடித்தது. தனியாக உட்கார்ந்து எழுதவில்லை, வேலை செய்யும்போதே ஒவ்வொரு வரியாகச் சேர்த்தேன்.

பிறகு அடுத்தாள். அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படித்துவிட்டு வீட்டில் இருந்த ஒரு பெண்ணுக்கு மாதம் ஐந்து மணி நேரம் மட்டும் வேலை கொடுத்தேன். எனக்கு அப்போது அந்தப் பணம் பாரம்தான். ஆனால் அந்த ஐந்து மணி நேரத்தில் அவள் கைப்புத்தகத்தைப் பார்த்துச் செய்வாள், எங்கே புரியவில்லையோ அங்கே சிவப்பாகக் குறிப்பாள். சிவப்பு இருந்த இடமெல்லாம் நான் தலைக்குள் வைத்துக்கொண்டிருந்த இடம். இப்போது ஒரு மணிக்கு நான் வாங்குவதில் 300 ரூபாய் அவளுக்கு. மீதி, சரிபார்ப்பதற்கும் பொறுப்புக்கும் எனக்கு.

வாடிக்கையாளருக்குத் தெரியாமல் இதைச் செய்யக் கூடாது. 'என்னோடு இன்னொருவர் பழகிக்கொண்டிருக்கிறார், உங்கள் தகவலைக் காப்பதற்கு அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்' என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், பிட்வார்டன் மாதிரி பாஸ்வேர்டைப் பூட்டி வைக்கிற செயலி ஒன்றின் வழியாகப் பகிருங்கள். வங்கி பாஸ்வேர்டையும் ஓடிபியையும் நீங்களும் வாங்கக் கூடாது, அவளுக்கும் தரக் கூடாது. ஒருவர் நம்பிக்கையோடு தன் நெட்பேங்கிங் பாஸ்வேர்டை எனக்கு அனுப்பினார். பார்த்ததும் அவருக்குப் போன் செய்து மாற்றச் சொன்னேன்.

உங்களுக்கு நாலு மாதம் இருக்கிறது, அது போதும். ஐந்து பேரில் யார் வேலை அதிகம் திரும்பத் திரும்ப வருகிறதோ அவரிடமிருந்து ஆரம்பியுங்கள். ஆறாம் மாதத்தில் ஆளைத் தேடுங்கள். ஏழாம் மாதத்தில் ஐந்து பேருக்கும் தேதியோடு எழுதுங்கள்: இந்த நாளிலிருந்து இந்த நாள் வரை நான் இல்லை, இன்னார் பார்ப்பார், இந்தக் காலத்தில் புது வேலை எடுக்க மாட்டோம். எட்டாம் மாதம் ஒரு வாரம் நீங்கள் வீட்டில் இருந்துகொண்டே ஒன்றையும் தொடாமல் அவளையே நடத்தவிட்டுப் பாருங்கள். தப்பு வரும். வந்தால் நல்லது, நீங்கள் இருக்கும்போதே வந்ததாகிவிடும்.

பணத்தையும் பாருங்கள். சம்பளத்தோடு 26 வாரம் மகப்பேறு விடுப்பு என்பது வேலையில் இருக்கிறவர்களுக்கு, நமக்கு இல்லை. இந்த மாதத்திலிருந்தே ஒவ்வொரு வரவிலும் ஐந்தில் ஒரு பங்கை வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். அந்த மூன்று மாதத்தில் அடுத்தாளுக்குக் கொடுத்தது போக உங்களுக்கு வருவது குறைவாகத்தான் இருக்கும், அப்போது இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

2022 தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். பன்னிரண்டு நாள் நான் லேப்டாப்பைத் திறக்கவில்லை. பதிமூன்றாம் நாள் திறந்தபோது என் அடுத்தாள் ஒரே ஒரு குறிப்பு வைத்திருந்தாள்: டைல்ஸ் அண்ணன் இப்போது இரண்டரை மணிக்கே போன் எடுக்கிறார், கைப்புத்தகத்தில் திருத்திவிட்டேன்.